சாய்வும் பரப்பும்: ஒரு தேற்றத்தைக் கற்பித்தல்

தமிழ்நாட்டு மேல்நிலைக் கணிதத்தில் வகையிடலும் தொகையிடலும் அடுத்தடுத்த பாடங்களாக அமைந்திருந்தாலும், அவ்விரண்டுக்கும் இடையிலான உறவை எப்போது, எந்த வடிவில் மாணவர் முன் வைப்பது என்பதே அப்பகுதியைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு ஆண்டுதோறும் எழும் சிக்கலாகும். 2018-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் வகுப்புப் பாடநூல், எல்லைகளில் தொடங்கி, வகையிடும் முறைகளைக் கடந்து, தொகையிடலை வகையிடலின் எதிர்ச்செயலாக அறிமுகம் செய்கிறது. கூடுதலின் எல்லை என்ற பொருளிலும் பரப்பு என்ற பொருளிலும் தொகையீடு விரிவாகப் பேசப்படுவது பன்னிரண்டாம் வகுப்பின் இரண்டாம் தொகுதியில்தான். இடைப்பட்ட காலத்தில் மாணவர் நூற்றுக்கணக்கான கணக்குகளைப் போட்டுப் பழகிவிடுகிறார். தொகையிடல் என்றால் வகையிடலைத் திருப்பிப் போடுவது என்ற எண்ணம் அவருக்குள் உறுதிப்பட்டுவிடுகிறது. அதன் பிறகு நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் கரும்பலகையில் எழுதப்படும்போது, ஏற்கெனவே தெரிந்ததைத்தான் ஆசிரியர் மீண்டும் சொல்கிறார் என்று வகுப்பு கருதுவதில் வியப்பில்லை. வரையறையாகக் கொடுக்கப்பட்டுவிட்ட ஒன்றைத் தேற்றமாகக் கண்டு வியப்பதற்கு எவருக்கும் வழியில்லை என்பதே இக்கட்டுரையாளரின் வகுப்பறை அனுபவம் மீண்டும் மீண்டும் காட்டியது.

வகைக்கெழு என்பது ஒரு சார்பின் மதிப்பு மாறும் வீதம். மாறியின் மதிப்பைச் சிறிதளவு நகர்த்தி, அதனால் சார்பில் ஏற்படும் வேறுபாட்டை அந்நகர்வால் வகுத்து, நகர்வைப் பூச்சியத்தை நோக்கிச் சுருக்கும்போது அவ்விகிதம் நெருங்கும் எல்லையே அது. வரைபடத்தில் அது தொடுகோட்டின் சாய்வாகத் தெரிகிறது. வரையறுத்த தொகை என்பது, ஓர் இடைவெளியைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் அகலத்தையும் அங்குள்ள சார்பின் மதிப்பால் பெருக்கி, அப்பெருக்கற்பலன்களை எல்லாம் கூட்டி, துண்டுகள் குறுகக் குறுக அக்கூடுதல் எதை நெருங்குகிறதோ அந்த எண்ணாகும்; சார்பு மிகை மதிப்புடையதாக இருந்தால் அது வளைவரைக்கும் கிடையச்சுக்கும் இடைப்பட்ட பரப்பு. முன்னதில் கழித்தலும் வகுத்தலும் நிகழ்கின்றன, பின்னதில் பெருக்கலும் கூட்டலும் நிகழ்கின்றன. ஆகவே ஒன்று செய்ததை மற்றது கலைக்கும் என்று கூர்மையான மாணவர் ஊகிக்கக்கூடும். ஆனால் இரண்டிலும் எல்லை என்னும் படி குறுக்கிடுகிறது. எல்லை எடுத்த பின்னரும் அந்த ஊகம் நிற்கிறதா என்பது நிறுவிக் காட்டப்பட வேண்டிய செய்தியே தவிர, சொன்னதும் ஒப்புக்கொள்ள வேண்டியதன்று.

வரலாற்றிலும் இவ்விரு கேள்விகள் நெடுங்காலம் ஒன்றையொன்று அறியாமலே வளர்ந்தன. கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலேயே ஆர்க்கிமிடீஸ், பரவளையத் துண்டின் பரப்பு அதே அடியும் உயரமும் கொண்ட முக்கோணத்தின் பரப்பைப் போல் 4/3 மடங்கு என்று நிறுவினார். அதற்கு அவருக்குத் தொடுகோட்டின் சாய்வை எல்லையாகக் காணும் பொதுமுறை எதுவும் தேவைப்படவில்லை. இந்தியாவில் 1150-இல் சித்தாந்த சிரோமணியை இயற்றிய இரண்டாம் பாஸ்கரர் கோள்களின் அந்தந்தக் கணத்து வேகத்தைக் கணக்கிட முயன்றார். பதினாறாம் நூற்றாண்டில் கேரளத்தில் ஜ்யேஷ்டதேவர் மலையாள உரைநடையில் எழுதிய யுக்திபாஷா, அடுத்தடுத்த எண்களின் வர்க்கங்களையும் கனங்களையும் பிற அடுக்குகளையும் கூட்டிக்கொண்டே போனால் அத்தொகை எதை நெருங்கும் என்று காட்டி, அதைக்கொண்டு வட்டத்தின் பரிதிக்குத் தொடர் அமைக்கிறது. மாறுவீதமும் முடிவிலாக் கூடுதலும் இந்நாட்டில் அறியப்பட்டிருந்தன என்று வகுப்பில் சொல்வது சரியே. எனினும் அவற்றை எல்லாச் சார்புகளுக்கும் பொதுவாக இணைக்கும் தேற்றமும் இங்கேயே எழுந்தது என்று சொல்வது, இருக்கும் பெருமையை இல்லாத இடத்தில் தேடுவதாகும்.

அந்த இணைப்பு பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில், சில ஆண்டுகளுக்குள் பலர் கையில் உருவாயிற்று. ஜேம்ஸ் கிரெகரி 1668-இலும், ஐசக் பாரோ 1670-இல் வெளிவந்த வடிவியல் சொற்பொழிவுகளிலும் தொடுகோட்டுக்கும் பரப்புக்கும் உள்ள உறவை வடிவியல் மொழியில் கூறினர். நியூட்டன் 1666 அக்டோபரில் எழுதி அச்சிடாமல் வைத்திருந்த கையெழுத்துப் படியிலேயே, பரப்பு வளரும் வீதத்தைக் கொண்டு பரப்பைக் காணும் முறை இருந்தது. லைப்னிட்ஸ் வந்த வழி வேறு. மேல்நிலை மாணவருக்கு அவர் வழியே எளிதில் விளங்குகிறது. 1672-இல் பாரிசில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் அவருக்கு ஒரு கணக்கைக் கொடுத்தார்: 1, 3, 6, 10, 15 என்று செல்லும் முக்கோண எண்களின் தலைகீழிகளை முடிவின்றிக் கூட்டினால் என்ன வரும்? லைப்னிட்ஸ் ஒவ்வோர் உறுப்பையும் ஒரு வேறுபாடாக எழுதினார். முதல் உறுப்பு 2-இலிருந்து 1-ஐக் கழித்தது. அடுத்தது 1-இலிருந்து 2/3-ஐக் கழித்தது. அதற்கடுத்தது 2/3-இலிருந்து 1/2-ஐக் கழித்தது. இவற்றைக் கூட்டும்போது இடையிலுள்ளவை அனைத்தும் ஒன்றையொன்று நீக்கிவிட, தொடக்கத்தில் உள்ள 2 மட்டும் எஞ்சுகிறது. வேறுபாடுகளின் கூடுதல் என்பது கடைசி மதிப்புக்கும் முதல் மதிப்புக்கும் உள்ள வேறுபாடே என்னும் இந்த உண்மையை, முடிவிலாத் துண்டுகளுக்கும் நீட்டிக்க முடியுமா என்ற தேடலிலிருந்து அவருடைய நுண்கணிதம் கிளைத்தது. 1675-இன் இறுதியில், இன்று மாணவர் எழுதும் தொகைக் குறியும் வகைக் குறியும் அவருடைய குறிப்பேட்டில் தோன்றிவிட்டன.

இந்தக் கணக்கைப் பதினொன்றாம் வகுப்பில், தொகையிடல் பாடம் தொடங்குவதற்கு முன்பே போட்டுக்காட்டுவது நல்ல பலனைத் தருகிறது. அதனினும் மேலான பலனைத் தருவது வண்டியின் ஓடுமானி. ஒரு பேருந்தின் ஓடுமானி பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை 45,210, 45,215, 45,223, 45,229 கிலோமீட்டர் என்று காட்டியதாகக் கரும்பலகையில் எழுதினால், அடுத்தடுத்த எண்களைக் கழித்து 5, 8, 6 என்று காண்பதும், அவற்றிலிருந்து அந்தந்தப் பத்து நிமிடங்களின் சராசரி வேகம் மணிக்கு 30, 48, 36 கிலோமீட்டர் என்று சொல்வதும் எந்த மாணவருக்கும் கடினமன்று. பின்பு ஓடுமானி வரிசையை அழித்துவிட்டு, வேகங்களை மட்டும் வைத்துக்கொண்டு, பேருந்து எவ்வளவு தொலைவு சென்றது என்று கேட்டால், ஒவ்வொரு வேகத்தையும் ஆறில் ஒரு மணி நேரத்தால் பெருக்கிக் கூட்டி 19 என்று வகுப்பே சொல்லிவிடுகிறது. அடுத்த கேள்வி, ஓடுமானி இப்போது என்ன காட்டும் என்பது. சிறிது நேரம் அமைதி நிலவும்; பின்பு எவரேனும் ஒருவர், “சார், முதல்ல எவ்வளவு இருந்துச்சுன்னு தெரிஞ்சாதானே சொல்ல முடியும்?” என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் தொகையிடல் மாறிலி முழுதும் அடங்கியிருக்கிறது. கழிக்கும்போது தொடக்க மதிப்பு அழிந்துவிடுகிறது. வேகங்களை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் அதை மீட்க இயலாது. ஆகவேதான் வரையறை இல்லாத தொகையீட்டின் இறுதியில் ‘சி’ என்ற எழுத்து நிற்கிறது. விடையின் கடைசியில் சியைச் சேர்க்காவிட்டால் மதிப்பெண் குறையும் என்ற எச்சரிக்கையாக மட்டுமே அதை அறிந்த மாணவரைவிட, ஓடுமானி வழியாக வந்தவர் அதை மறப்பது மிகக் குறைவு.

மாறுகின்ற வேகத்தைத் துண்டுதுண்டாக நிலையான வேகம்போல் கொள்வதில் எவ்வளவு பிழை நேரும் என்பதை அடுத்துக் காட்ட வேண்டும். இதற்கு வரைபடத்தாளும் எக்ஸின் வர்க்கம் என்னும் சார்பும் போதும். 0 முதல் 1 வரையுள்ள இடைவெளியைப் பத்துச் சம துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் இடது முனையின் உயரத்தைக் கொண்டு செவ்வகம் வரைந்தால் அவற்றின் மொத்தப் பரப்பு 0.285, வலது முனையின் உயரத்தைக் கொண்டால் 0.385. உண்மையான பரப்பு இவ்விரண்டுக்கும் இடையில் அகப்பட்டிருக்கிறது. நூறு துண்டுகளாக்கினால் அவை 0.32835, 0.33835 ஆகின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட வெளி எப்போதும் ஒரு துண்டின் அகலமே என்பதையும், ஆகவே அதை விரும்பிய அளவுக்குச் சுருக்கலாம் என்பதையும் மாணவர் தாமே கண்டுகொள்கின்றனர். எண்கள் 1/3-ஐ நோக்கிப் போவதும் தெரிகிறது. பத்தாம் வகுப்பில் மனப்பாடமாகப் படித்த வர்க்கங்களின் கூடுதல் சூத்திரம் ஒரு வேலைக்கு உதவுவதைப் பலர் முதன்முறையாக இங்கேதான் பார்க்கின்றனர். இதில் வகையிடல் எங்கும் வரவில்லை என்பதை ஆசிரியர் வலியுறுத்திச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் எக்ஸின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கை வகையிட்டால் எக்ஸின் வர்க்கம் கிடைக்கும் என்பதை அறிந்த மாணவர், அதே 1/3 இங்கே ஏன் வந்து நிற்கிறது என்று கேட்க வேண்டுமானால், முதலில் இவ்விரண்டும் வெவ்வேறு வழிகளில் வந்தவை என்பதை உணர்ந்திருக்க வேண்டும்.

விடை ஒரு குறுகிய பட்டையில் இருக்கிறது. வளைவரைக்குக் கீழே, ஒரு நிலையான இடது எல்லையிலிருந்து நகரும் வலது எல்லை வரையுள்ள பரப்பைப் புதியதொரு சார்பாகக் கொள்ள வேண்டும். வலது எல்லையைச் சிறிது நகர்த்தினால் பரப்பில் கூடுவது ஒரு மெல்லிய பட்டை; அப்பட்டையின் பரப்பு, அந்த அகலத்தில் சார்பின் மிகச் சிறு மதிப்பால் அமைந்த செவ்வகத்துக்குக் குறையாமலும் மிகப் பெரு மதிப்பால் அமைந்த செவ்வகத்தை மிஞ்சாமலும் இருக்கும். கூடிய பரப்பை அகலத்தால் வகுத்தால், விடை அவ்விரு மதிப்புகளுக்கும் இடையில் நிற்கும். அகலம் பூச்சியத்தை நெருங்கும்போது, சார்பு தொடர்ச்சியானதாக இருந்தால், அதாவது திடீரெனத் தாவாததாக இருந்தால், அவ்விரு மதிப்புகளும் ஒன்றாகி, அந்த இடத்தில் வளைவரையின் உயரத்தை அடைகின்றன. பரப்பு வளரும் வீதம் உயரமே. அடிப்படைத் தேற்றத்தின் முதற்பகுதி இவ்வளவுதான். இதைத் தொடர்ச்சியான சார்புகளுக்கு ஐயத்துக்கிடமின்றி நிறுவியவர் கோஷி. 1823-இல் அச்சான அவருடைய பாரிஸ் பாடக்குறிப்புகளில், தொகையீடு கூடுதலின் எல்லையாகவே வரையறுக்கப்பட்டு, வகையிடலுடன் அதற்குள்ள உறவு அதன் பின்னரே நிறுவப்படுகிறது.

வாதம் சிறியதாயினும், வகுப்பு தடுமாறுவது இந்த இடத்தில்தான். அதற்குக் காரணம் பட்டையன்று. மேல் எல்லையில் நிற்கும் எக்ஸ். அதுவரை தொகையீட்டின் எல்லைகள் எண்களாகவே இருந்தன. இப்போது எல்லையே மாறியாகிறது, உள்ளே வேறொரு மாறி தேவைப்படுகிறது, ஒரே கணக்கில் ஒன்று நிற்க மற்றொன்று ஓடுகிறது. இக்கட்டுரையாளர் பழகிய ஆசிரியர்கள் பலர், வளைவரையை ஓர் அட்டையால் முழுதும் மறைத்து, அதை இடமிருந்து வலமாக மெல்ல இழுத்துப் பரப்பு வெளிப்படுவதைக் காட்டினர். அட்டையின் விளிம்பு நிற்கும் இடம் எக்ஸ். அதற்கு இடப்பக்கத்தில் ஏற்கெனவே கடந்துவிட்ட புள்ளிகளை எண்ணுவது உள்ளேயுள்ள மாறி. உயரம் மிகுந்த இடத்தில் அட்டையைச் சிறிது இழுத்தாலும் நிறையப் பரப்பு வெளிப்படுவதையும், வளைவரை அச்சைத் தொடும் இடத்தில் இழுத்தும் எதுவும் கூடாததையும் பார்த்த பின்பு, குறியீடுகள் அவ்வளவாக மிரட்டுவதில்லை. வளைவரை அச்சுக்குக் கீழே இறங்கினால் பரப்பு எப்படிக் குறையும் என்ற கேள்வியும் அப்போது வரும். தொகையீடு குறியுடன் கூடிய கணக்கு, பரப்பு எப்போதும் மிகை எண், இரண்டும் ஒன்றல்ல என்று பிரித்துச் சொல்லிவிட்டு மேலே செல்லலாம்.

இந்தப் பட்டை வாதத்தை ஒருமுறை கண்டவர்கள், பழைய சூத்திரங்களைப் புதிய கண்ணோடு பார்க்கத் தொடங்குகின்றனர். ஆரத்தைப் பொறுத்து வட்டத்தின் பரப்பை வகையிட்டால் பரிதியும், கோளத்தின் கன அளவை வகையிட்டால் புறப்பரப்பும் கிடைப்பதைச் சிலர் தாமாகவே கவனித்துக் கேட்பர். ஆரம் சிறிது வளரும்போது கூடுவது விளிம்பைச் சுற்றிய ஒரு மெல்லிய வளையம் என்பதே விளக்கம். அடுத்துச் சதுரத்தைச் சோதிப்பர். பக்கத்தைப் பொறுத்துப் பரப்பை வகையிட்டால் பக்கத்தின் இரு மடங்கு வருகிறதே அன்றிச் சுற்றளவான நான்கு மடங்கு வருவதில்லை. பக்கத்துக்குப் பதில் மையத்திலிருந்து பக்கத்துக்குள்ள தொலைவை, அதாவது அரைப்பக்கத்தை, மாறியாகக் கொண்டால் பரப்பு அதன் வர்க்கத்தின் நான்கு மடங்காகவும், வகைக்கெழு எட்டு மடங்காகவும் ஆகி, சுற்றளவு சரியாக வந்துவிடுகிறது. ஒரு மூலையிலிருந்து வளரும் சதுரத்தில் இரண்டு பக்கங்கள் மட்டுமே வெளியே நகர்கின்றன. மையத்திலிருந்து வளர்வதில் நான்கும் நகர்கின்றன. தேர்வில் இது கேட்கப்படுவதில்லை. ஆனாலும் ஒரு பாடவேளையை இதற்குக் கொடுப்பது வீணன்று.

தேற்றத்தின் இரண்டாம் பகுதியே தேர்வுக்குரியது: வகையிட்டால் தரப்பட்ட சார்பைத் தரும் ஏதேனும் ஒரு சார்பை, அதாவது எதிர்மறை வகைக்கெழுவை, கண்டுபிடித்து, அதன் மேல் எல்லை மதிப்பிலிருந்து கீழ் எல்லை மதிப்பைக் கழித்தால் வரையறுத்த தொகை கிடைத்துவிடும். செவ்வகங்களைக் கூட்டும் உழைப்பு முழுவதும் ஒரு கழித்தலாகிவிடுகிறது. இதனால் வகையிடலின் ஒவ்வொரு விதியும் தொகையிடலில் ஒரு முறையாக மறுபிறவி எடுக்கிறது. பெருக்கல் விதி பகுதித் தொகையிடலாகவும், சங்கிலி விதி பிரதியிடல் முறையாகவும் மாறுகின்றன. ஆயினும் போகும் வழியும் திரும்பும் வழியும் ஒரே அளவு எளிதானவை அல்ல. விதிகளை அறிந்தவர் எந்தச் சூத்திரத்தையும் வகையிட்டுவிடலாம். தொகையிடலில் எந்த முறை பொருந்தும் என்று பார்த்தவுடன் சொல்லும் விதி மாணவர் கையில் இல்லை. அதற்கு ஈடாகச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது: வந்த விடையை வகையிட்டால் தொடங்கிய சார்பு திரும்ப வர வேண்டும். தேர்வறையில் இதைச் செய்வோர் மிகச் சிலரே என்பது கற்பிப்போர் பலருக்கும் உள்ள குறை.

சரிபார்க்கும் பழக்கம் எங்கே உதவும் என்பதற்குச் சைன் எக்ஸையும் காஸ் எக்ஸையும் பெருக்கிய சார்பு நல்ல சான்று. ஒருவர் சைன் வர்க்கத்தில் பாதி என்று விடை கொணர்வார். அடுத்தவர் காஸ் வர்க்கத்தில் பாதிக்குக் குறைக்குறி இட்டு எழுதியிருப்பார். மூன்றாமவர் இரட்டைக் கோண வாய்பாட்டைப் பயன்படுத்தி, காஸ் 2எக்ஸில் கால் பங்கின் குறை மதிப்பைக் காட்டுவார். மூவரும் சரி. முதல் விடைக்கும் இரண்டாம் விடைக்கும் உள்ள வேறுபாடு எப்போதும் 1/2, முதலுக்கும் மூன்றாவதுக்கும் 1/4; அவை எங்கும் மாறாத எண்களாதலால் மாறிலிக்குள் மறைந்துவிடுகின்றன. பாடநூலின் விடைப்பகுதியோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தம் விடையை அடித்துவிட்ட மாணவரிடம் அதை வகையிட்டுப் பார்க்கச் சொல்வதே போதும்.

இயந்திரம்போல் செய்தால் தேற்றம் கைவிடும் இடங்களும் உண்டு. எக்ஸ் வர்க்கத்தின் தலைகீழியை −1 முதல் 1 வரை தொகையிடச் சொன்னால், எக்ஸின் தலைகீழிக்குக் குறைக்குறி இட்டு எதிர்மறை வகைக்கெழுவாகக் கொண்டு, இரு முனைகளிலும் மதிப்பிட்டுக் கழித்து, −2 என்று வகுப்பு விடை தரும். எங்குமே மிகை மதிப்பு கொண்ட சார்பின் பரப்பு எவ்வாறு குறை எண்ணாகும் என்று கேட்டால்தான் நடுவிலுள்ள 0 நினைவுக்கு வரும். அங்கே சார்பு வரையறுக்கப்படவில்லை, உயரம் வரம்பின்றிப் போகிறது, தேற்றத்தின் நிபந்தனை அங்கே நிறைவேறவில்லை. தொடர்ச்சி என்ற சொல்லைத் தேற்றத்தின் கூற்றில் அலங்காரமாக எண்ணிக் கடந்துவிட்ட மாணவருக்கு இந்த −2 ஆற்றும் பணியை எந்த விளக்கமும் ஆற்றுவதில்லை.

தொகையிடலை முதலில் கற்பிப்பதா, வகையிடலையா என்ற விவாதம் பழையது. ரிச்சர்ட் குராண்ட்டின் பாடநூலும், 1961-இல் முதல் தொகுதி வெளிவந்த டாம் அப்போஸ்டலின் நூலும் தொகையீட்டை முன்வைத்தே தொடங்குகின்றன. பொதுத்தேர்வின் கால அட்டவணைக்குள் இயங்கும் பள்ளியில் பாடவரிசையை மாற்ற இயலாது. அதற்குத் தேவையும் இல்லை. பதினொன்றாம் வகுப்பில் தொகையிடல் பாடத்துக்கு முன், ஓடுமானிக்கும் பரவளையச் செவ்வகங்களுக்கும் சில பாடவேளைகளை ஒதுக்கி, பரப்பு என்னும் பொருளை எதிர்ச்செயல் என்னும் பொருளுக்கு முன்பே மனத்தில் பதித்துவிட்டால், வரிசை மாறாமலே பயன் கிடைத்துவிடுகிறது.

அவ்வாறு பதிந்திருந்தால், அடுக்கு விதி தோற்கும் இடமும் புரியும். எக்ஸின் அடுக்குகளைத் தொகையிடும்போது அடுக்கை ஒன்றால் கூட்டி, புதிய அடுக்கால் வகுக்கிறோம். அடுக்கு −1 ஆனால் 0-ஆல் வகுக்க நேர்கிறது. எதிர்ச்செயல் மட்டுமே தெரிந்தவருக்கு இங்கே மடக்கை எங்கிருந்தோ வந்து குதிக்கிறது. பரப்பை அறிந்தவருக்கோ, எக்ஸின் தலைகீழியின் வளைவரைக்குக் கீழே 1-இலிருந்து தொடங்கும் பரப்பு ஐயமின்றி இருக்கிறது, அதற்கொரு பெயர் மட்டுமே தேவை. இவ்வளைவரை ஓர் அதிபரவளையம். இதன் பரப்பில், எல்லைகளை ஒரே எண்ணால் பெருக்கினாலும் பரப்பு மாறாது என்னும் பண்பு இருப்பதை 1647-இல் கிரெகரி டி சான் வின்சென்ட்டின் நூல் காட்டியது. பெருக்கலைக் கூட்டலாக்கும் மடக்கையின் குணம் அதுவே என்பதை அடுத்த சில ஆண்டுகளில் டி சரசா எடுத்துக்கூறினார்.

இயல்நிலைப் பரவலின் மணி வடிவ வளைவரை இதனினும் ஒரு படி மேலே போகிறது. இ என்னும் எண்ணின் அடுக்காக எக்ஸ் வர்க்கத்தின் குறை மதிப்பைக் கொண்ட சார்புக்கு, பள்ளியில் அறிந்த சார்புகளைக் கொண்டு எழுதக்கூடிய எதிர்மறை வகைக்கெழு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லியூவில் வகுத்த கோட்பாடு அதை நிறுவிக்காட்டுகிறது. எனவே ‘இதற்குத் தொகையீடு கிடையாது’ என்று மாணவர் எழுதுகின்றனர். வளைவரை தொடர்ச்சியானது, அதன் கீழே 0 முதல் 1 வரை பரப்பு இருக்கிறது, அது ஏறத்தாழ 0.7468, சூத்திரம் இல்லாததால்தான் புள்ளியியலில் இயல்நிலைப் பரவலுக்கு அட்டவணை அச்சிட்டுத் தருகின்றனர், சராசரியிலிருந்து ஒரு திட்டவிலக்கம் வரையுள்ள பரப்பு 0.3413 என்பதை அதில் பார்த்து எடுக்கிறோம். இதே சார்பை 0 முதல் எக்ஸ் வரை தொகையிட்டு, வந்ததை எக்ஸைப் பொறுத்து வகையிடுக என்று ஒரு கேள்வி கொடுத்தால், வகுப்பின் பெரும்பகுதி முதலில் தொகையிட முயன்று தாளை நிரப்புகிறது. அட்டையின் விளிம்பில் கூடும் பட்டையை நினைத்துப் பார்த்தவர்கள் எதையும் தொகையிடாமல், தரப்பட்ட சார்பையே விடையாக எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகின்றனர்.